வீட்டிலேயே காருக்கு வினைல் ரேப்: ரூஃப், பானெட், மிரர் மூடி – வரிசையாக

ஹேட்ச்பேக் காரின் ரூஃப், பானெட், இரண்டு பக்க மிரர்களின் மூடி. வீட்டில் வைத்து முதன்முறை ரேப் (பெயின்ட்டின் மேல் ஒட்டும், பசையுள்ள மெல்லிய வினைல் ஃபிலிம்) ஒட்டுபவர்கள் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பம்பர் பக்கம் போகவே வேண்டாம். பல வருஷம் இதே வேலையாக இருப்பவர்களும் அங்கேதான் திணறுகிறார்கள்.

புதிதாக ஒட்டுபவர்கள் எல்லோரும் பயப்படுவது குமிழிக்கு. குமிழி ஒரு பிரச்சினையே இல்லை. மெல்லிய ஊசியால் ஒரு குத்து குத்தி அழுத்தினால் போய்விடும். ரேப் கெட்டுப்போவது எப்போதும் ஓரத்தில்தான். ஓரம் ஒருமுறை தூக்கிக்கொண்டால் உள்ளே தூசி போகும், தண்ணீர் போகும், பிறகு எத்தனை சூடு காட்டினாலும் அந்தப் பசை பிடிக்காது. கழுவுவதிலிருந்து கடைசிச் சூடு வரை எல்லாமே ஓரத்துக்காகச் செய்யும் வேலைதான்.

1. முதலில் பெயின்ட்டைப் பாருங்கள்

வினைல் பெயின்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெயின்ட் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பெனி பெயின்ட் என்றால் கவலையில்லை. டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, மறுபடி பெயின்ட் அடித்த இடம் என்றால் யோசியுங்கள். சில வருஷம் கழித்து ரேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். சந்தேகமாக இருந்தால் நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் துளி நிறம் வந்தாலும் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

புதிதாக பெயின்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளிருந்து கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மேலே வினைலை ஒட்டினால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் குமிழியாக எழும்பும்.

வெயிலில் கிளியர் கோட் (பெயின்ட்டுக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சு) உரிந்த ரூஃபை மறைக்கத்தான் பலர் ரேப்பைத் தேடி வருகிறார்கள். அது நடக்காது. உரிந்த விளிம்பு ஒவ்வொன்றும் மேலே கோடாகத் தெரியும். ஃபிலிமும் பசையும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற எதுவும், ஒட்டிய பிறகு கண்ணிலும் படும். பளபளக்கும் கறுப்பில் இது அதிகம், மேட் வகையில் கொஞ்சம் குறைவு.

2. ஃபிலிம் வாங்குவது

கடையில் கேட்க வேண்டிய சொல் 'காஸ்ட்'. வினைல் இரண்டு விதமாகத் தயாராகிறது. கேலண்டர்டு வகை உருளைகளுக்கு நடுவே அழுத்தி நீட்டித் தட்டையாக்கப்பட்டது. அந்த இழுவிசை அதற்குள்ளேயே இருக்கும். வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சுருக்கம் முதலில் தெரிவது ஓரத்தில். காஸ்ட் வகை திரவமாக ஊற்றி, அடுப்பில் பதமாக்கப்பட்டது. உள்ளே இழுவிசை கிடையாது, வளைவில் சொன்னபடி கேட்கும். விலை அதிகம்தான். நம் வெயிலில் நிற்கிற காருக்குக் கேலண்டர்டு வாங்குவது காசுக்குக் கேடு.

3எம் 2080, ஏவரி டெனிசன் சுப்ரீம், ஒராக்கல் 970 ஆகியவை காஸ்ட் வகையில் நன்றாகத் தெரிந்த பெயர்கள். பசைப் பக்கத்தில் காற்று வெளியேறும் நுண்ணிய தடங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். அவை இல்லாத ஃபிலிமைப் புதியவர் தொடக்கூடாது.

இந்த ஃபிலிம்கள் 1.52 மீட்டர் அகல ரோலாக வரும். ரூஃபையும் பானெட்டையும் டேப்பால் அளந்து, ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து இழுக்க அந்த மிச்சம் வேண்டும். மிரர் மூடிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் சதுரம். இவற்றுக்கு மேல் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி, பழைய ஹெல்மெட் ஒன்றில் ஒட்டிப் பழகுங்கள். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு இழுபடும் என்பது ஹெல்மெட்டில் தெரியாமல் பானெட்டில் தெரியவந்தால் நஷ்டம் பெரிது.

மெட்டாலிக், சாட்டின் வகை என்றால் எல்லாத் துண்டையும் ரோலின் ஒரே திசையில் வெட்டுங்கள். திசை மாறினால் நிறமே வேறு மாதிரித் தெரியும்.

நிறம் பற்றி இன்னொன்று. ஆர்சியில் வண்டியின் நிறம் எழுதியிருக்கிறது. வண்டி முழுக்க வேறு நிறமாக்குவதாக இருந்தால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, ஆர்சியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு வண்டிகளுக்கு அடிக்கக்கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. மேட்டில் அழகாகத்தான் இருக்கும், ஆசைப்படாதீர்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஃபிலிமைத் தள்ளி அழுத்தும் ஸ்க்வீஜி தகடு, ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டியது, இரண்டு. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஹீட் கன்; தலை உலர்த்தும் டிரையர் போதாது. கூர்முனை 30 டிகிரி சாய்ந்த, உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் மெல்லிய கட்டர், கூடவே ஒரு பாக்கெட் பிளேடு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ஃபிலிமைப் பிடித்து நிறுத்தக் காந்தம் நாலைந்து. ரப்பருக்கு அடியில் ஃபிலிமைச் சொருக மெல்லிய பிளாஸ்டிக் தகடு. நூல் பிடித்து இழுத்தால் ஃபிலிமை வெட்டும் 'நைஃப்லெஸ் டேப்' ஒரு ரோல். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர், கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), மைக்ரோஃபைபர் துணி பத்து.

இன்னொரு ஆள் வேண்டும். இது விருப்பம் அல்ல. ரூஃபுக்கான ஃபிலிமைத் தனியாக விரித்தால் அது தன் மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும்.

4. இடமும் நேரமும்

ஃபிலிம் ஒட்டத் தோதான சூடு சுமார் 16 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை, வைகாசியில் இந்த வேலை வேண்டாம். வெயிலில் நின்ற தகரத்தில் பசை பட்டவுடன் பிடித்துக்கொள்ளும்; தூக்கி மறுபடி வைக்க விடாது. மார்கழி, தை மாதங்கள் சரி. ஆனால் விடிகாலையில் தகரத்தில் பனி ஈரம் இருக்கும். எட்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

மூன்று பக்கம் அடைத்த ஷெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். போர்டிகோதான் என்றால் திறந்த பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். ஃபேன் போடாதீர்கள். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் பூ உதிரும் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிலிமுக்கு அடியில் ஒரு வேப்பம்பூ அகப்பட்டால் அது அங்கேயே இருக்கும்.

5. சுத்தம்: பாதி நாள் இதற்கே

இங்கே அவசரப்படுபவர்கள்தான் அதிகம். கார் பளபளவென்று இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பளபளப்பே சந்தேகத்துக்குரியது. சர்வீஸ் முடித்து அடித்துக் கொடுக்கிற பாலிஷில் மெழுகும் சிலிகானும் இருக்கும். அவற்றின் மேல் எந்தப் பசையும் நிற்காது. செராமிக் கோட்டிங் செய்த கார் என்றால் அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் ரேப்.

வரிசை இது. முதல்நாள் மாலையே ஷாம்பூ போட்டு முழுக்கக் கழுவுங்கள். முந்தைய நாள் கழுவச் சொல்வதற்குக் காரணம், ரப்பர் பீடிங்குக்கு அடியிலும் இடுக்குகளிலும் தங்கிய தண்ணீர் வடிய ஓர் இரவு வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து ஒரு சொட்டு ஊர்ந்து வந்தால் அந்த ஓரம் போச்சு. மறுநாள் தார்ப் புள்ளிகளை அதற்கான திரவத்தால் எடுத்துவிட்டு, கிளே பாரை வழுக்கும் திரவத்தோடு மெதுவாகத் தேய்த்து நகர்த்துங்கள். பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும்.

கடைசியில் ஆல்கஹால். இரண்டு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு தண்ணீர். போர் தண்ணீர் கலக்காதீர்கள், காய்ந்ததும் உப்புப் படியும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு துணியால் துடைத்து, அது தானாகக் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஆவியாக விட்டால், கரைந்த மெழுகு அதே இடத்தில் மறுபடி படியும்.

இப்போது பானெட்டைத் திறந்து விளிம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே கண்ணாடி மாதிரி மினுக்கும் காரில்கூட அங்கே சேறு, கிரீஸ், போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தின் மிச்சம் எல்லாம் இருக்கும். ஃபிலிம் மடிந்து பிடிக்கப்போவது அந்த ஒரு சென்டிமீட்டரில்தான். துணியை விரலில் சுற்றி, விளிம்பு முழுக்க, துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடையுங்கள். ரூஃபின் இரு பக்கப் பள்ளம், கண்ணாடி ரப்பரின் அடி, மிரர் மூடியின் உள்விளிம்பு என்று எல்லா ஓரத்துக்கும் இதே கதைதான்.

உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு அதே கையால் பசைப் பக்கத்தைப் பிடிப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. விரல் பட்ட மூலை ஒரு வாரத்தில் தூக்கிக்கொள்ளும்.

6. கழற்ற வேண்டியவை

ஆன்டெனா, பானெட்டில் இருந்தால் தண்ணீர் பீய்ச்சும் நாசில், சின்னம், மிரர் மூடி. இவற்றைச் சுற்றி வெட்டுவதைவிடக் கழற்றிவிட்டு அடியில் ஃபிலிமை ஓடவிட்டு மறுபடி மாட்டுவது எளிது, ஓரங்களும் குறையும். பல ஹேட்ச்பேக்குகளில் ரூஃபின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு கறுப்புப் பட்டை கிளிப்பில் நிற்கும். மெல்லக் கழற்றிவிட்டால் ஃபிலிமின் விளிம்பு அதற்கடியில் மறைந்துவிடும். பிளாஸ்டிக் நெம்புகோலால் மட்டும் எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் பெயின்ட் பெயரும்.

7. ரூஃப்

முதலில் ரூஃபை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிட்டத்தட்டத் தட்டை, கை பழகும். அதோடு, சின்னத் தப்பு இருந்தாலும் கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது.

ஒட்டும் முன், இரு பக்கப் பள்ளத்தில் ஃபிலிம் எங்கே முடிய வேண்டுமோ அங்கே நைஃப்லெஸ் டேப்பை ஒட்டுங்கள். நூலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

இருவரும் காரின் இரு பக்கமும் நின்று ஃபிலிமைப் பின்தாளோடு ரூஃப் மேல் விரித்து, நாலு பக்கமும் மிச்சம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்பாதியைக் காந்தத்தால் நிறுத்துங்கள். முன்பாதியைத் தூக்கி, பின்தாளை நடுவரை உரித்து, தாளை மட்டும் வெட்டி எடுங்கள். பிறகு இருவரும் மூலைகளைப் பிடித்து, ஃபிலிமைத் தொங்கவிடாமல் விறைப்பாக இழுத்து, மெதுவாக இறக்குங்கள். சுருக்கமே இல்லாமல் ஒரே தளமாக விழுந்த பிறகுதான் ஸ்க்வீஜியைத் தொட வேண்டும். சுருக்கம் இருந்தால் தூக்குங்கள், மறுபடி இறக்குங்கள். அழுத்தாத வரை இவ்வகைப் பசை அவ்வளவாகப் பிடிக்காது.

ஸ்க்வீஜியை 45 டிகிரி சாய்த்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூட வேண்டும். இடைவெளி விட்டால் அந்தக் கோட்டில் காற்று சிக்கும். முன்பாதி முடிந்ததும் காந்தத்தை எடுத்துவிட்டு, பின்பாதியையும் இதே மாதிரி ஒட்டுங்கள்.

ஸ்டிக்கர் கடைகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் தெளிக்கிறார்கள். கூடாது. காற்று போக வைத்த தடத்தில் தண்ணீர் தங்கிக்கொள்ளும், ஓரத்தில் பசை வலுவிழக்கும். இந்த ஃபிலிமை உலர்வாகத்தான் ஒட்ட வேண்டும்.

8. பானெட்

இறக்கும் முறை அதேதான். வித்தியாசம், இங்கே வளைவும் மடிப்புக் கோடுகளும் இருக்கின்றன. எந்தத் தப்பும் ஓட்டுபவர் கண்ணெதிரிலேயே இருக்கும்.

நடுவிலிருந்து தொடங்கி, தட்டையான இடங்களை முதலில் பிடியுங்கள். குழிவான கோடு வந்தால் ஃபிலிமை அதன் மேல் பாலம் மாதிரி நிற்க விடாதீர்கள். லேசாகச் சூடு காட்டி, ஃபிலிமைத் தளர்த்தி, குழியின் அடியிலிருந்து மேல் நோக்கி அழுத்துங்கள். மேலிருந்து குழிக்குள் திணித்தால் இழுபட்ட நிலையில் ஒட்டும். நாலு நாள் வெயிலில் எழும்பிவிடும்.

மூலைக்கு வந்ததும் சுருக்கங்கள் கிளம்பும். இங்கே எல்லோரும் செய்வது, ஸ்க்வீஜியால் அதை நசுக்குவது. நசுக்கினால் கோடு நிரந்தரம். சுருக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்கு நாலு விரல் முன்னாலிருந்தே ஃபிலிமைத் தூக்குங்கள். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால், கசங்கிய ஃபிலிம் கண்ணெதிரே தானாக விரிந்து மழமழவென்று ஆகும். பிறகு சுருக்கம் ஓடிய திசைக்குக் குறுக்கே இழுத்து, விசிறி மாதிரி விரித்து இறக்குங்கள்.

ஃபிலிம் 40–50 டிகிரிக்கு வந்தாலே மிருதுவாகும். அதற்கு மேல் சூடேற்றி ரப்பராக இழுப்பது தப்பு. அதிகம் இழுத்த இடத்தில் நிறம் வெளுக்கும், பசையும் மெலியும். பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் நீங்கள் விரித்த விதத்தில்தான் கோளாறு.

9. வெட்டுவது

பானெட்டில் பெயின்ட்டின் மேல் வைத்து வெட்டவே கூடாது. ஃபிலிமை விளிம்பு வரை அழுத்திவிட்டு, விளிம்புக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் விட்டு, அந்தரத்தில் வெட்டுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து அந்த மிச்சத்தை அடிப்பக்கம் மடியுங்கள். மூலையில் துணி மாதிரி குவியும். அங்கே சிறிய வெட்டு ஒன்று கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய விடுங்கள். காற்றும் கல்லும் நேராக அடிக்கும் முன் விளிம்பில் மடிப்பு இல்லாமல் விளிம்போடு வெட்டி முடித்தால், நெடுஞ்சாலையில் ஒரு பயணத்திலேயே தூக்கும்.

மடிக்கும்போது இழுக்காதீர்கள். சூடு காட்டித் தளர்த்தி, விரலால் உருட்டி அடியில் படிய வையுங்கள். இழுத்து மடித்தது திரும்பி வரும்.

தவிர்க்க முடியாமல் ஏதாவது ஓர் இடத்தில் பெயின்ட்டின் மேல் வெட்ட நேர்ந்தால் பிளேடின் எடை மட்டும் போதும். வினைல் வெட்டுபடும்போது சத்தம் வராது. 'கிர்ர்' என்று கேட்டால் கிளியர் கோட்டில் ஓடுகிறீர்கள். ஒவ்வொரு நீள வெட்டுக்கும் பிளேடு நுனியை உடைத்துப் புதிது எடுங்கள். மழுங்கிய பிளேடுதான் அழுத்தச் சொல்லும்.

ரூஃபில் நைஃப்லெஸ் டேப்பின் நூலைப் பிடித்து, பின்னோக்கி மடித்து, ஒரே சீராக இழுங்கள். வெட்டுபட்டதும் அடியிலுள்ள டேப்பை உருவிவிட்டு ஓரத்தை அழுத்துங்கள். முன்கண்ணாடி ரப்பரின் பக்கம், 5 மி.மீ. மிச்சம் விட்டுப் பிளாஸ்டிக் தகட்டால் உள்ளே சொருகுங்கள்.

10. மிரர் மூடி

அளவில் சிறிது, வேலையில் பெரிது. காரிலிருந்து கழற்றி, ஒரு டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பு வகைகள் சிலவற்றில் கீறல் விழாமலிருக்க மேலே மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒன்று வரும். பானெட்டில் அது கடைசிவரை இருக்கலாம்; மிரருக்கு முதலிலேயே உரித்துவிடுங்கள். இரண்டு அடுக்கு ஒரே மாதிரி நீளாது.

ஃபிலிமை மூடியின் மேல் போட்டு, துண்டு முழுவதையும் சமமாகச் சூடேற்றி, இருவர் நாலு மூலையையும் பிடித்து ஒரே சமயத்தில் கீழ்நோக்கி இறக்குங்கள். ஒரு பக்கம் ஒட்டிவிட்டு மறுபக்கம் இழுத்தால், இழுவிசை முழுவதும் ஒரு விளிம்பில் சேரும். நடுப்பகுதி கொஞ்சம் நீண்டாலும் விளிம்பு தளர்வாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. முதல் துண்டு வீணாகலாம். அதற்குத்தான் அரை மீட்டர் சதுரம்.

11. கடைசிச் சூடு

பாதிப்பேர் இந்தப் படியையே விட்டுவிடுகிறார்கள், பிறகு ஃபிலிம் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

இழுபட்ட வினைலுக்குப் பழைய வடிவம் ஞாபகமிருக்கும். அதை மறக்க வைப்பது சூடு. மடித்த விளிம்பு, குழிவான கோடு, மிரரின் வளைவு என்று இழுபட்ட இடம் ஒவ்வொன்றையும் தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டே சூடேற்றுங்கள். 3எம் 2080-க்குச் சுமார் 105 முதல் 110 டிகிரி வரை. வேறு பிராண்டு என்றால் அதன் குறிப்பில் உள்ள அளவு. கையால் தொட்டுப் பார்த்து '100 இருக்கும்' என்று சொல்வது நடக்காத காரியம். பிளாஸ்டிக் மூடியில் ஹீட் கன் ஒரு கணமும் நிற்கக்கூடாது, மூடியே வளைந்துவிடும். சூட்டோடு சூடாக ஸ்க்வீஜியாலோ கையுறை போட்ட விரலாலோ ஒருமுறை அழுத்துங்கள்.

அரை மணி நேரம் ஆறவிட்டு எல்லா ஓரத்தையும் விரலால் தடவி வாருங்கள். எங்காவது தூக்கியிருந்தால் சூட்டை மட்டும் கூட்டிப் பயனில்லை. தூக்கி, ஆல்கஹாலால் துடைத்து, இழுப்பைத் தளர்த்தி மறுபடி ஒட்டுங்கள். ஓரம் நிற்கவில்லை என்று பிரைமர் (பசையின் பிடிப்பைக் கூட்டும் திரவம்) தடவ வேண்டாம்; உரிக்கும் நாளில் அழுவீர்கள்.

12. அதன் பிறகு

ஒரு நாளாவது கார் ஷெட்டிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் சர்வீஸ் வேண்டாம். சின்னக் குமிழிகள் இரண்டு மூன்று நாள் வெயிலில் தாமாகவே அடங்கும், மிஞ்சியதற்கு ஊசி.

கையால் கழுவுவதே நல்லது. பிரஷர் வாஷ் என்றால் நாசில் ஓர் அடிக்கு மேல் தள்ளி, நேராகப் பிடிக்க வேண்டும், ஓரத்தைக் குறிவைத்துச் சாய்வாக அடிக்கக்கூடாது. கடைக்காரப் பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காக்கை எச்சத்தை அன்றைக்கே துடையுங்கள். ரூஃபும் பானெட்டும் வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் கதவுகளைவிடச் சீக்கிரம் வெளுக்கும். உற்பத்தியாளர்களே படுக்கைவாட்டுப் பரப்புகளுக்குக் குறைந்த காலத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறார்கள்.

நிறம் மங்கி, மேலே மாவு மாதிரி வரத் தொடங்கும்போதே கழற்றிவிடுங்கள். வெடிக்கும் வரை விட்டால் துண்டு துண்டாக வரும். கழற்றும்போது லேசாகச் சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து, செங்குத்தாக இழுக்காமல் பரப்பை ஒட்டிச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். பெயின்ட்டில் தங்கிய பசையைப் பசை நீக்கும் திரவம் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் ஸ்க்வீஜியால் வழித்தெடுங்கள். பெட்ரோல் ஊற்றித் தேய்க்க வேண்டாம்.